பதினெட்டுக் கை அரிசி

நெல் வாங்கப் போன இடத்தில் அத்தை முதலில் பேச மாட்டாள். முழங்கை வரைக்கும் கையைச் சாக்குக்குள் விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி எடுப்பாள். மேலே கிடப்பது காய்ந்த நெல்லாகத்தான் இருக்கும். அடிநெல்தான் ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும். அள்ளியதை உள்ளங்கையில் பரப்பி மெதுவாக ஊதுவாள். பதரும் கருக்காயும் பறந்த பிறகு கையில் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பாள். பிறகு நாலு நெல்லை உமி உரித்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பாள். ‘டக்’கென்று உடைந்தால் நல்ல காய்ச்சல். நசுங்கினால் சாக்கின் வாயைச் சுருட்டிவிட்டு அடுத்த களத்துக்கு நடையைக் கட்டுவாள். இத்தனையும் முடிந்த பிறகுதான் “மூட்டை என்ன விலைங்க?” என்ற கேள்வி வரும்.

திருப்பனந்தாளில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அத்தை குடியிருந்தாள். மாமா தவறிப்போன பிறகு இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்தவள். அப்பா சோறு போட மாட்டேன் என்று சொல்லவில்லை; அத்தைதான் கேட்கவில்லை. வந்த இரண்டாம் மாதமே கழுத்தில் கிடந்ததைக் கும்பகோணத்தில் விற்று, ஒரு பெரிய அண்டாவும் நாலு சாக்கும் வாங்கினாள். கொல்லையில் ஒரு சிமிட்டித் தொட்டி கட்டினாள். மிச்சமிருந்த பணம் இரண்டு மூட்டை நெல்லுக்குச் சரியாக இருந்தது. அந்த இரண்டு மூட்டைதான் அவளுடைய முதல். நெல்லை அவித்து, காயவைத்து, மில்லில் அரைத்து அரிசியாக விற்பாள். விற்ற காசில் மறுபடி இரண்டு மூட்டை. அந்த நாளில் கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில் தெருவுக்கு ஒரு பெண்ணாவது இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். காசித்திருமடத்துக்கும் கோயிலுக்கும் பேர்பெற்ற ஊர் எங்களுடையது. என் நினைவில் அது நெல் அவிக்கிற ஊர்.

களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை “லாபம்” என்று சொல்லித்தான் போடுவார். அதற்குப் பிறகு ரெண்டு, மூணு என்று போகும். 12 மரக்கால் ஒரு கலம். இரண்டு கலம் ஒரு மூட்டை. மூட்டை என்றால் 60 கிலோ என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. ஆனால் மரக்காலுக்கு எடை தெரியாது. பால் பிடித்து முற்றிய நெல்லென்றால் 24 மரக்கால் 60 கிலோ நிற்கும். கருக்காய் ஓடிய நெல்லென்றால் அதே 24 மரக்கால் 56 கிலோதான் வரும். விலை இரண்டுக்கும் ஒன்றுதான். நாலு கிலோ நெல் குறைந்தால் இரண்டரை கிலோ அரிசி குறையும். அன்றைய விலைக்கு அது ஏழு ரூபாய்க்குப் பக்கம். ஒரு மூட்டையில் அத்தைக்கு மொத்தமாகவே அவ்வளவு நின்றதில்லை என்பது பின்னால் தெரியவந்தது. அதனால்தான் அத்தனை நேரம் சாக்குக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள். “வாங்குற எடத்துலயே சம்பாரிச்சுடணும் தம்பி. விக்கிற எடத்துல ஒண்ணும் கெஞ்ச முடியாது” என்பாள்.

வாங்கிய நெல் சாயங்காலம் தொட்டியில் இறங்கும். மறுநாள் சாயங்காலம் அத்தை அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத்தண்ணீர் விடுவாள். மற்றவர்கள் இதைச் செய்வதில்லை. இருபது குடம் தண்ணீர் இறைக்க வேண்டுமே. ஊறிய தண்ணீரிலேயே கிடந்தால் நெல் புளித்து, சோற்றில் ஒரு நாற்றம் வந்துவிடும். அத்தை அரிசியில் அந்த நாற்றம் இருக்காது. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைப்பாள். பனைமட்டை போட்டுப் பிடித்து, பிறகு உமியை அள்ளி அள்ளி வீசுவாள். அண்டாவின் அடியில் கொஞ்சம் தண்ணீர், மேலே கோணி மூடி. ஆவி மேலே வந்து நெல் வாய் பிளக்க ஆரம்பித்ததும் ஒரு கை எடுத்துப் பார்ப்பாள். இந்த ஒரு நிமிஷத்தைத் தவறவிடக் கூடாது. முந்தி இறக்கினால் மில்லில் நொய்யாகப் போகும். பிந்தினால் சோறு விதையாக நிற்கும்.

காயப்போடுவது அதைவிடப் பதமான வேலை. களத்தில் பரப்பிவிட்டுக் காலால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அது எனக்கும் அத்தை மகள்களுக்கும் விழும் வேலை. நீளநீளமாகப் பாத்தி பிடித்த மாதிரி நெல்லில் கால் இழுத்துக்கொண்டு போவோம். உச்சிவெயில் வந்ததும் அத்தை எல்லாவற்றையும் குவித்துக் கோணி போட்டு மூடிவிடுவாள். வெயில் இருக்கும்போதே ஏன் மூடுகிறாள் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஒரே மூச்சில் காய்ந்த நெல் உள்ளுக்குள் கீறல் விட்டுவிடும், மில்லில் போட்டதும் உடைந்துவிடும். குவியலில் கொஞ்சநேரம் ஆறிய நெல்லை மறுபடி பரப்பிக் காயவைத்தால் முழு அரிசியாக வரும். முழு அரிசி கிலோ 2 ரூபாய் 75 பைசா, நொய் ஒன்றரை ரூபாய். உடைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் ரூபாய் போச்சு.

மில்லில் இரண்டு விதமான கூலி இருந்தது. தவிட்டையும் உமியையும் மில்லுக்கே விட்டுவிட்டால் மூட்டைக்கு ஒன்றரை ரூபாய். நாமே எடுத்துக்கொண்டால் மூன்று ரூபாய். பலரும் ஒன்றரை ரூபாய் கொடுத்துவிட்டு அரிசியை மட்டும் கட்டிக்கொண்டு போனார்கள். அத்தை மூன்று ரூபாய் கொடுத்தாள். தவிடு மூட்டைக்கு நாலு கிலோ தேறும். மாடு வைத்திருக்கிற வீடுகளில் மூன்று ரூபாய்க்குப் போகும். உமி அடுப்புக்கு ஆகும். ஒன்றரை ரூபாய் கூடக் கொடுத்து மூன்று ரூபாய்ச் சரக்கையும் அடுத்த அவியலுக்கான எரிபொருளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஹல்லரின் வாயில் சூடாக விழும் தவிட்டைச் சாக்கில் பிடித்துக்கொண்டு, தலைமுடியெல்லாம் வெளுத்துப்போய் அவள் நிற்பது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் அவளிடம் காசு நிற்கவில்லை. இரண்டு வருஷம் ஓடியும் முதல் அதே இரண்டு மூட்டையாகவே இருந்தது. பெரியவளுக்கு ஒரு தாவணி எடுக்க வேண்டுமென்றால் ஒரு மூட்டை குறைத்து வாங்கும்படி ஆயிற்று. “ஓடுது, ஆனா எங்க ஓடுதுன்னு தெரியல” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

எங்கள் தெருவில் ஒரு கணக்குப்பிள்ளைத் தாத்தா இருந்தார். பண்ணைகளுக்குக் குத்தகைக் கணக்கு எழுதியே வயதானவர். அத்தையிடம்தான் அரிசி வாங்குவார். 1986ஆம் வருஷம், தை அறுவடை முடிந்த சமயம். நான் ஆறாம் வகுப்பு. அரிசி வாங்க வந்தவர், அத்தை புலம்பியதைக் கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். “தம்பி, நோட்டு எடுத்துட்டு வா” என்றார். என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்றைக்கு எழுதியதை வரி பிசகாமல் இன்றும் சொல்ல முடியும்.

“மூட்டை என்ன விலைக்கு வாங்குன?”

“தொண்ணூறுங்கய்யா.”

அந்தப் பருவத்தில் மத்திய அரசு நெல்லுக்கு வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 142 ரூபாய். 60 கிலோவுக்கு 85 ரூபாய்ச் சொச்சம் வரும். இரண்டு மூட்டை வாங்குகிறவளுக்குக் களத்தில் யாரும் அந்த விலைக்குத் தர மாட்டார்கள். 90 நியாயமான விலைதான்.

“வித்தது?”

“36 கிலோ அரிசி, ரெண்டே முக்கால் வீதம். 99 ரூபா. நொய் ரெண்டு கிலோ மூணு ரூபா. தவிடு மூணு ரூபா.”

“105. அப்ப உனக்கு லாபம்?”

“பதினஞ்சு” என்றாள் அத்தை.

தாத்தா தலையாட்டவில்லை. வண்டிக்கூலி என்ன என்றார். ஒன்றரை. பனைமட்டை யார் கொடுத்தது? விலைக்குத்தான், பற்றாமல் வாங்கும் உமியும் சேர்த்து ஒன்றரை ஆகும். மில் கூலி மூன்று. ஆறு ரூபாய் போயிற்று. ஒன்பது. “இந்த அண்டா எத்தனை வருஷம் வரும்? தொட்டி பூசினியே, அது? சாக்கு கிழிஞ்சா?” என்று கேட்டு, மூட்டைக்கு அரை ரூபாய் தனியாக எடுத்துவைக்கச் சொன்னார். எட்டரை. அத்தையின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

பிறகு அவர் தன் பையைப் பிரித்து, அப்போதுதான் வாங்கிய அரிசியைக் காட்டினார். “ரெண்டு கிலோ நிறுத்த. தராசுல முள் நின்னதுக்கப்புறம் ஒரு கை அள்ளிப் போட்டியே, அது என்ன?”

“கொசுறுங்க. எல்லாருக்கும் போடுறதுதானே.”

“திரும்ப அந்தக் கையை அள்ளி இதுல வையி.”

தராசுத் தட்டில் அத்தையின் ஒரு கை அரிசி விழுந்தது. எதிர்த்தட்டில் 50 கிராம் கல். முள் நடுவில் நின்றது. அவள் கை என்றும் அதே அளவுதான் அள்ளும்; நெல் பார்த்துப் பழகிய கை. தாத்தா என்னைப் பார்த்தார். “36 கிலோவை ரெண்டு ரெண்டு கிலோவா வித்தா எத்தனை கை?” பதினெட்டு. பதினெட்டு ஐம்பது? 900 கிராம். 900 கிராம் அரிசி ரெண்டே முக்கால் விலைக்கு? நான் பெருக்கிக் கொண்டிருக்கும்போதே அவர் சொல்லிவிட்டார்: ஏறக்குறைய இரண்டரை ரூபாய். எட்டரையில் இரண்டரை போனால் ஆறு.

மூட்டைக்கு ஆறு ரூபாய். ஒரு தடவைக்கு இரண்டு மூட்டை, 12 ரூபாய். அந்த இரண்டு மூட்டையை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, மில்லுக்குக் கொண்டுபோய், விற்று முடிக்க அத்தைக்கு இரண்டு முழு நாள் உழைப்பு. எங்கள் பக்கம் அந்த வருஷம் நடவுக்குப் போகும் பெண்ணுக்கு நாள் கூலி ஆறு ரூபாய். தாத்தா இதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: “நாத்து நடப் போனா இதே காசு வரும்மா. மூணு மணிக்கு எந்திரிக்க வேணாம். முதல் போட வேணாம். மழை வந்தா நஷ்டமும் உனக்கில்ல. நீ லாபம்னு நெனச்சது உன் கூலி. வியாபாரம் உனக்கு ஒத்தைக் காசு கொடுக்கல.”

அத்தை அழவில்லை. கொஞ்சநேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என் கூலியை நான் எப்படிங்க கணக்குல எழுதுறது? நான் செய்யிற வேலைக்கு நானே யார்கிட்ட வாங்குறது?” என்றாள். அந்தக் கேள்வியை அதன்பிறகு எத்தனையோ பெண்கள் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். முறுக்குச் சுடுகிறவர்கள், இட்லி விற்கிறவர்கள், ரவிக்கை தைக்கிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள் எல்லாரும் சரக்கு விலையைக் கூட்டுகிறார்கள், வண்டிச் சத்தத்தைக் கூட்டுகிறார்கள், தங்கள் கையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். வீட்டு வேலைக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை என்பதால் வீட்டிலிருந்து செய்யும் தொழிலுக்கும் கூலி கிடையாது என்று ஆகிவிட்டது. இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

தாத்தா அவளுக்குப் பதில் சொன்னார்: “அரிசி வாங்குறவங்ககிட்டதான் வாங்கணும். வேற யாருகிட்ட?”

கொசுறை நிறுத்திவிடு என்று அவர் சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். அத்தை முந்திக்கொண்டாள். “கையை மட்டும் நிறுத்த மாட்டேங்க. வெறுந்தராசா எப்படி நிறுக்கிறது?” தாத்தா அதை ஒத்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்துத்தான் பாதிப்பேர் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதற்கும் விலை போட வேண்டும் என்றார். கிலோ 2 ரூபாய் 85 பைசா. பத்துப் பைசா கூட.

அத்தைக்கு வெலவெலத்துவிட்டது. தெருமுனையில் இன்னொருத்தி ரெண்டே முக்காலுக்கு விற்கிறாள். எல்லாரும் அங்கே போய்விட்டால்? தாத்தா மறுபடி நோட்டைப் பார்த்தார். பத்துப் பைசா என்பது அரிசி விலையில் இருபத்தேழில் ஒரு பங்கு. ஆனால் 35 கிலோவுக்கு மூன்றரை ரூபாய் கூடும். மூட்டைக்கு ஆறு நின்ற இடத்தில் ஒன்பதரை நிற்கும். “மூணு வாடிக்கையில ஒருத்தர் போகட்டும். அப்பவும் உன் கைக்கு வர்றது குறையாது. வேலைதான் குறையும்.” இந்த வாக்கியம் புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அத்தைக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. மூன்று மூட்டைக்கு ஆறாறாகப் பதினெட்டு. இரண்டு மூட்டைக்கு ஒன்பதரை வீதம் பத்தொன்பது. விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து 2 ரூபாய் 85 பைசா. கேட்டவர்களிடம் அவள் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசவில்லை. “கல்லு இருக்காது, நாத்தம் இருக்காது, கையும் போடுவேன். விலை இதுதாங்க” என்பாள். நாலைந்து வீடுகள் முனைக்குப் போயின. ரெண்டு வீடு திரும்பி வந்தது. மற்றவர்கள் வரவேயில்லை, அத்தையும் போய்க் கூப்பிடவில்லை. தண்ணீர் மாற்றுவதையும் உச்சிவெயிலில் மூடி ஆறவைப்பதையும் அதுவரைக்கும் அவள் தன் வேலையின் நேர்த்திக்காகச் செய்துகொண்டிருந்தாள். அதற்குக் காசு உண்டு என்று அந்த மாதம்தான் அவளுக்குத் தெரிந்தது.

கடன் விஷயம் வேறு. மாதச் சம்பளக்காரர்கள் முதல் தேதிக்குப் பிறகு தருவார்கள். கூலிக்குப் போகிறவர்கள் அறுப்பு வந்தால் நெல்லாகவே கொண்டுவந்து கொட்டுவார்கள். அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருப்பாள். ஒரு சமயம் அந்தக் கோடுகளைத் தாத்தா கூட்டச் சொன்னார். 70 ரூபாய். முதலே 180 ரூபாய் போட்ட வியாபாரத்தில் 70 சுவரில் இருந்தது. கையில் பணம் இல்லாததால் இரண்டு மூட்டைக்குப் பதில் ஒரு மூட்டை. ஒரு மூட்டைக்கும் அதே வண்டி, அதே மூன்று மணி விழிப்பு, அதே மில் காத்திருப்பு. விற்றதில் நஷ்டமில்லை, சுற்றுதான் நின்றுபோனது. அந்தச் சமயம் பார்த்துத் தண்டல்காரர் வருவார். நூறு ரூபாய் என்று எழுதிக்கொண்டு தொண்ணூறு கொடுப்பார்; நாளுக்கு ஒரு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு தரம் முதல் புரண்டு வந்துகொண்டிருந்தால் அந்தப் பத்து ரூபாய் தாங்கும். சுவரில் கரிக்கோடாக நின்றுகொண்டிருக்கும் பணத்துக்குத் தண்டல் கட்டினால் தாங்காது. அத்தை ஒரு வரம்பு வைத்தாள்: வீட்டுக்கு நாலு கிலோவுக்கு மேல் கடன் இல்லை, பழையதைத் தீர்த்த பிறகுதான் புதியது. பிள்ளைகள் பசியோடு இருக்கிற வீடு என்று தெரிந்தால் நொய் கொடுத்துவிடுவாள். அதை எழுத மாட்டாள். கடன் வேறு, தர்மம் வேறு என்பதில் அவளுக்குக் குழப்பமே கிடையாது.

எங்கள் ஊர்க் கோயிலில் சாய்ந்த லிங்கத்தைத் தன் கழுத்தில் கயிறு கட்டி நிமிர்த்தியவர் குங்கிலியக்கலய நாயனார். அவர் கதையைப் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு வந்த இரவு அத்தை வெகுநேரம் நாயனாரின் மனைவியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் குந்துமணி அரிசி இல்லை என்று தாலியைக் கழற்றி நெல் வாங்கிவரக் கொடுத்தனுப்புகிறாள். நாயனார் வழியில் வந்த குங்கிலியப் பொதியை வாங்கிக் கோயிலில் சேர்த்துவிடுகிறார். இறைவன் வீடு நிறைய நெல் கொடுத்தான், சரி. “அந்த ராத்திரி புள்ளைகளோட அவ எப்படிப் படுத்திருப்பா?” என்றாள் அத்தை. தாலியை விற்று அண்டா வாங்கியவளுக்கு அந்தக் கதையில் அந்த இடம்தான் பெரிதாகத் தெரிந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் தொழில் படுத்துவிடும். வெயில் இல்லாமல் அவித்த நெல்லை வைத்திருக்க முடியாது. ஒரு நாள் தப்பினால் பூசணம். அதே சமயத்தில்தான் குறுவை அறுப்பாகிக் களத்தில் ஈரநெல் குவிந்து கிடக்கும். 78க்கும் 80க்கும் கூவிக் கொடுப்பார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்து ஏ.டி.டி. 36 ரகம், பார்க்கத் திரட்சியாக இருக்கும். சிலர் அள்ளி வாங்கினார்கள். அத்தை தொடவில்லை. ஈரம் வற்றினால் எடை போகும். வற்றவைக்க வெயிலும் இல்லை. விலை மலிவு என்று அவள் வாங்கி நான் பார்த்ததில்லை. அந்த இரண்டு மாதச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதைத் தாத்தா சித்திரையிலேயே கேட்டிருந்தார். பத்து மாதம் விற்கும் அரிசி பன்னிரண்டு மாதம் சோறு போட வேண்டும். ஆக மூட்டைக்கு ஒரு ரூபாய் மழைக்கென்று ஒதுங்கியது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் அந்த ரூபாய்கள் விழுந்துகொண்டிருந்தன.

தையில் 90க்கு வாங்கிய நெல் ஆடியில் 100ஐத் தொடும். இருப்பில் பழைய விலை நெல் இருக்கும்போது பழைய விலைக்கே விற்பது நேர்மை என்று அத்தை எண்ணியிருந்தாள். இதிலும் தாத்தா தலையிட்டார்: “வித்த மூட்டைக்கு விலை போடாத. வாங்கப் போற மூட்டைக்குப் போடு. நாளைக்குக் களத்துல நிக்கிறப்ப உன் கையில ரெண்டு மூட்டைக்குப் பணம் இருக்கணும்.” விலை இறங்கினாலும் அதே நியாயம்தான் என்றும் சொன்னார், தையில் களத்து விலை இறங்கியதும் அத்தை அரிசியைத் தானாகவே ஐந்து பைசா குறைத்தாள். கூட்டும்போது முகம் சுளித்தவர்கள் இதைப் பார்த்தார்கள்.

அணைக்கரைக்கு அப்பால் அரிசிக்குக் கூட விலை என்று தெருவில் பேச்சு உண்டு. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கட்டிய கீழணையைத் தாண்டினால் வேறு மாவட்டம். தஞ்சை நெல்லும் அரிசியும் மாவட்டம் தாண்டக் கூடாது என்று அவ்வப்போது கட்டுப்பாடு போடுவார்கள். அப்போதெல்லாம் புடவைக்குள் பத்துக் கிலோவைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறும் பெண்களை நானே பார்த்திருக்கிறேன். கிலோவுக்கு முப்பது பைசா கூடக் கிடைக்கும் என்றார்கள். அத்தை போய்வரும் பஸ் சார்ஜை எண்ணினாள், போகும் அரை நாளை எண்ணினாள், பிடிபட்டால் போகும் பத்துக் கிலோவை எண்ணினாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

இரண்டு மூட்டை நாலு மூட்டையானது, நோட்டில் கணக்குப் போட்டதற்கு அடுத்த வருஷம். பெரியவள் கல்யாணத்துக்கு ஆறு மூட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். மேலே போகவில்லை, களமும் கைகளும் அவ்வளவுதான் தாங்கும். இன்னும் பெரிசாகச் செய்யலாமே என்று அப்பா சொன்னபோது, ஆள் வைத்தால் மூட்டைக்கு எவ்வளவு ஆகும் என்று என் நோட்டைத்தான் கேட்டாள்.

இன்று கடையில் கிடைக்கும் அரிசிப் பைகளைப் பார்க்கும்போது அந்த நோட்டு எனக்கு நினைவுக்கு வருவதுண்டு. 2022 ஜூலையில் பெயர் அச்சிட்டுக் கட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. உடனே தமிழ்நாட்டு மில்கள் 26 கிலோ பை போட ஆரம்பித்தன. அரிசித் தொழிலில் நூற்றுக்கு ஐந்து என்பது எவ்வளவு பெரிய தொகை என்று தெரியாதவர்களுக்கு அது தந்திரமாகப் பட்டது. அத்தையின் 99 ரூபாய் அரிசியில் ஐந்து சதவீதம் கிட்டத்தட்ட ஐந்து ரூபாய். அவளுக்கு நின்றதே ஆறு. நெல்லின் ஆதார விலை 2025-26 பருவத்துக்குக் குவிண்டால் 2,369 ரூபாய் என்று வைத்தார்கள். எண்கள் எல்லாம் பெருத்துவிட்டன. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் இருக்கிற இடம் மட்டும் அப்படியேதான் இடுக்கமாக இருக்கிறது.

நான் கல்லூரிக்குப் போன சமயம் சுற்றுவட்டாரத்தில் பெரிய மில்கள் வந்துவிட்டன. ரப்பர் உருளையில் தோல் நீக்கி, கல் பொறுக்கி, அவியலும் காய்ச்சலும் இயந்திரத்திலேயே நடந்தது. மழைக்காலத்திலும் ஓடியது. அவர்களுக்கு நொய்யும் குறைவு. அவர்கள் அரிசி கடைக்கு வந்து சேர்ந்த விலை, அத்தையின் அடக்க விலையைவிடக் கொஞ்சம்தான் கூட. ஒரு லீவில் ஊருக்குப் போயிருந்தபோது நோட்டை எடுக்கச் சொன்னாள். கூலி வரியில் அந்த வருஷத்து நடவுக் கூலியை எழுதிக் கூட்டினோம். மூட்டைக்குக் கைக்காசு போகிறது என்று வந்தது. மறுபடி கூட்டச் சொன்னாள். அதேதான்.

கடன் வாங்கி இழுத்துக்கொண்டிருந்த மற்றவர்களைப் போல அவள் இன்னும் இரண்டு வருஷம் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. சுவரில் இருந்த கரிக்கோடுகளை ஒரு மாதத்தில் வசூலித்தாள். அண்டாவைக் கும்பகோணத்தில் எடைக்குப் போட்டாள். ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் தபால் ஆபீஸிலும் இருந்ததைச் சேர்த்து ஒரு கறவை மாடு வாங்கினாள். பத்து வருஷமாகத் தவிடு விற்றதில், எந்த வீட்டு மாடு எவ்வளவு தின்று எவ்வளவு கறக்கிறது என்று அவளுக்குத் தெருவாரியாகத் தெரியும். பாலுக்கு விலை பேசக் கிளம்பிய அன்று, “தம்பி, அந்த நோட்டையும் எடுத்துக்கிட்டு வா. தவிடு, வைக்கோல், என் கூலி மூணையும் போட்டுட்டு அப்புறம் லிட்டர் விலை கேட்போம்” என்றாள்.